பம்ப் ஹவுஸ் இறக்கம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே அவள் விழித்துவிட்டாள். எழுப்பியது காற்று. குளியலறை ஜன்னலின் கொக்கியை யாரோ சரியாக மாட்டாமல் விட்டிருந்தார்கள். கதவு சட்டத்தில் படார் படார் என்று மோதிக்கொண்டிருந்தது. படுத்தபடியே மழையைக் கேட்டாள். தூறல் இல்லை, சாரல் இல்லை. மொட்டை மாடியில் லாரி நிறைய ஜல்லி கொட்டுகிற மாதிரி மழை. அன்றைக்குப் பயிற்சிக்காக நூற்றுப் பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாக வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்து கட்டி அனுப்புகிற பிரிவில் வேலை. கத்தரிக்கோல் எத்தனை, இடுக்கி எத்தனை என்று எண்ணி வைத்து, மறுபடி எண்ணி, அதற்கும் பிறகு ஒரு தடவை எண்ணுகிற ஜாதி. சாலையைக் கடப்பதற்குள் மூன்று பச்சை விளக்கைத் தவறவிடுவாள் என்று அவள் புருஷன் கேலி செய்வான். அப்படிப்பட்டவள் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் சவாரிக்குப் பேர் கொடுத்ததைக் கேட்டு வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை.

காரணம் இருந்தது. குழந்தைகளின் இதய வார்டுக்கு வெளியே நீளமான வராந்தா. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் அந்தத் தரையில்தான் படுப்பார்கள். கருவித் தள்ளுவண்டியை அவள் அவர்களுடைய கால்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போவாள். ஒரு நாள் எவ்வளவு பார்த்தும் சக்கரம் ஒருத்தியின் விரல் மேல் ஏறிவிட்டது. அந்தப் பெண் கையை உதறி இழுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, வழியில படுத்துட்டேன்" என்றாள். அந்த வார்த்தை அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை. தாய்மார்களுக்கு ஓர் அறை கட்டுவதற்காக ஆஸ்பத்திரி ஊழியர்கள் நிதி திரட்டும் சவாரி வைக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியபோது, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் பயம் வந்தது.

துணைக்கு வந்தவள் அவளுடைய நாத்தனார். பேர் எதுவாக இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் சிட்டு. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், முப்பத்திரண்டு வயது, பயம் என்ற சொல்லை அடுத்த வீட்டுக்காரர்களின் சொத்து என்று நினைப்பவள். சிட்டு "அண்ணி, அண்ணி" என்று கூவிக்கொண்டே முன்னால் போவதைக் கேட்டுச் சைக்கிள் குழுவில் இருந்த இருபத்தாறு பேரும் அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எலும்பு டாக்டர்கூட.

ஆறு மணிக்குச் சிட்டு சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, இன்னும் ஷூ மாட்டலையா?"

"இந்த மழையிலயா?" என்றான் அவள் புருஷன், டீ டம்ளரோடு வாசலுக்கு வந்து. "உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு முத்திப்போச்சு. அடுத்த வாரம் போங்களேன்."

"சவாரி அன்னிக்கு மழை வந்தா என்ன பண்றது? மேகத்துக்கு லீவு லெட்டர் கொடுப்பியா?" என்று சிட்டு சிரித்தாள். "அண்ணி, கிளம்புங்க. மலை ஏறி இறங்கிட்டா இன்னிக்குப் பாடம் முடிஞ்சுது."

இறங்குவது. அந்தச் சொல்தான் அவளைக் கிடுக்கியில் பிடித்தது. ஏற்றம் அவளுக்குப் பழகிவிட்டது; மூச்சு வாங்கும், தொடை எரியும், அவ்வளவுதான். ஈரச் சாலையில் இறக்கம் என்றால் ஈரக்குலை நடுங்கியது. பிரேக்கைப் பிடித்தால் கட்டை ரிம்மைக் கவ்வுவதற்கு முன் ஒரு நொடி வழுக்கும். அந்த ஒரு நொடியில் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சுற்றுச் சாலையில் லாரிகள் சேற்றுத் தண்ணீரை முகத்தில் வாரி அடித்துக்கொண்டு போயின. ஒரு டேங்கர் அவள் முழங்கையை உரசுகிற தூரத்தில் கடந்தபோது காற்று அவளை இழுத்துச் சக்கரத்துக்கு அடியில் போடப் பார்த்தது. கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது, மலையடிவாரத்தில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தபோதுதான் தெரிந்தது.

ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். உச்சியில் பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரை ஒன்று. இருவரும் அதன் கீழ் ஒதுங்கி நின்று பிஸ்கட் தின்றார்கள். எதிரே சாலை பத்தடி தூரம் தெரிந்தது. அதற்கு அப்பால் பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. அங்கிருந்து பதினான்கு வளைவுகள், ஆறு கிலோமீட்டர், நேராக அணைக்கட்டின் பம்ப் ஹவுஸில் போய் முடியும்.

"நீங்க மெதுவாவே வாங்க அண்ணி. நான் கீழ பம்ப் ஹவுஸ்ல நிக்கிறேன். நின்னுட்டே இருந்தா எனக்குக் குளிர்ல பல்லு கழண்டுடும்."

போகாதே, சேர்ந்தே போகலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் பயந்தது தெரிந்துவிடும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சிட்டு பெடலில் ஷூவை மாட்டினாள். அவள் புதிதாக வாங்கியிருந்த அந்த ஷூவின் அடிப்பாகம் பெடலோடு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டது. பின்விளக்கின் சிவப்பு இரண்டு தடவை மினுக்கியது. பிறகு பனிமூட்டம் அவளை விழுங்கிவிட்டது.

அவளும் இறங்கத் தொடங்கினாள். மூன்றாவது வளைவிலேயே அவளுடைய பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போனது. எப்படிக் காலை ஊன்றினாள் என்று அவளுக்கே தெரியாது. இறங்கி நின்றாள். அதற்குப் பிறகு சைக்கிளில் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தாள். சிட்டு சிரிப்பாள், சிரிக்கட்டும். அதையே சொல்லிக்கொண்டு நடந்தாள். ஒரு வளைவில் மேலேயிருந்து செம்மண் தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினாள். மழை இரைச்சலில் தன் மூச்சுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

பம்ப் ஹவுஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அணைக்குப் போகும் இரும்புக் கேட் பூட்டியிருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். பம்ப் ஆபரேட்டர்.

"அணை ரொம்பிட்டு வருதும்மா. யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. உள்ள வந்து நில்லுங்க."

"எனக்கு முன்னால ஒரு பொண்ணு வந்திருப்பாளே? சைக்கிள்ல?"

"பொண்ணா? காலையில இருந்து இந்தப் பக்கம் வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நல்லா யோசிச்சுப் பாருங்க. நீலச் சட்டை. எனக்கு ஒரு மணி நேரம் முந்தியே…"

"அம்மா, கேட்டு பூட்டியிருக்கு. ரோடு இங்கயே முடிஞ்சுபோச்சு. வந்திருந்தா என்னைத் தாண்டி எங்க போக முடியும்?"

சிட்டு கீழே வரவில்லை. மேலேயும் இல்லை. நடந்து வந்த ஆறு கிலோமீட்டரில் எங்கேயோ ஓரிடத்தில் சிட்டுவைக் கவனிக்காமலே தாண்டி வந்திருக்கிறாள்.

செல்போனில் சிக்னல் இல்லை. ஆபரேட்டர் சுவரிலிருந்த போனில் பேசினார். பேசிவிட்டு வந்தவர் முகம் சரியில்லை. "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. ஆனா அணைக்கு அந்தப் பக்கம் ரோட்ல மரம் சாஞ்சு கிடக்காம். வெட்டிட்டுத்தான் வர முடியும். ஒரு மணி நேரம் பிடிக்கும்னு சொல்றாங்க. நீங்க இங்கயே இருங்கம்மா. தனியா மேல போகாதீங்க."

இருக்கலாம்தான். உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. மனிதர் நல்லவராகத் தெரிந்தார். இங்கேயே இருந்தாள் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் உட்காரக்கூடச் செய்தாள். உட்கார்ந்த இடத்தில் அரை நிமிஷம் இருக்க முடியவில்லை. சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு மறுபடி மழைக்குள் இறங்கினாள். "நான் அவங்களுக்குத் தகவல் சொல்லிட்டுப் பின்னாலயே வர்றேன்!" என்று ஆபரேட்டர் கத்தியது பாதிதான் கேட்டது.

ஒவ்வொரு வளைவிலும் நின்று கூப்பிட்டாள். "சிட்டூ!" ஓரக் கற்களுக்கு இடையில் குனிந்து பள்ளத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். கீழே கறுப்பாக எது கிடந்தாலும் சிட்டுவாகத் தெரிந்தது; ஒரு தடவை அது எரிந்துபோன டயர், இன்னொரு தடவை சிமெண்ட் மூட்டை. சிட்டுவின் அண்ணன்காரனிடம் போய் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. உடனே அந்த நினைப்பையே கெட்ட சகுனமாக எண்ணித் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்து வளைவுகள் ஏறிய பிறகு அதே செம்மண் தண்ணீர். இப்போது இரண்டு மடங்கு அகலமாக ஓடியது. அதன் நடுவே, தண்ணீருக்கு அடியில், முறிந்த மரக்கிளை ஒன்று குறுக்காகக் கிடந்ததை இப்போதுதான் பார்த்தாள். சாலையோரம் வரிசையாக நின்ற வெள்ளைக் கற்களில் ஒன்று பெயர்ந்து சாய்ந்திருந்தது. அந்த இடைவெளியில் குனிந்தாள். பன்னிரண்டு பதினைந்து அடி கீழே, புதருக்குள், ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கியது.

"சிட்டு!"

பதில் வந்ததா, தண்ணீர்ச் சத்தமா என்று தெரியவில்லை.

சரிவு முழுக்கச் சேறு. இறங்கிவிடலாம், ஏற முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில், சின்னக் குழந்தை சறுக்குமரத்தில் வருவது மாதிரி சறுக்கினாள்.

சிட்டு மல்லாந்து கிடந்தாள். ஹெல்மெட்டில் நெடுக விரிசல் விட்டிருந்தது. உதடு நீலம். இடுப்புவரை ஓடைத் தண்ணீர். சைக்கிள் இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகிக்கொண்டிருக்க, இடது கால் இன்னும் அந்தப் பெடலில் பூட்டியபடி, போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள் சிட்டு. குரல் சிட்டுவினுடையது போலவே இல்லை. "நீங்க போறதைப் பார்த்தேன் அண்ணி. மஞ்சக் கோட்டு. கத்தினேன். எவ்வளவோ கத்தினேன். நீங்க சைக்கிளைத் தூக்கிட்டுப் போய்ட்டீங்க."

"கேக்கலடி. சத்தியமாக் கேக்கல."

"தண்ணி முதல்ல கால்லதான் இருந்துச்சு. இப்ப இடுப்புக்கு வந்துடுச்சு. எனக்கு பயமா இருக்கு அண்ணி."

சிட்டு வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் அதுவரை கேட்டதில்லை. தைரியமாக ஏதாவது சொல்ல நினைத்தாள். "எனக்கும்தான்" என்பதுதான் வந்தது.

பெடலிலிருந்து ஷூவைத் திருப்பி எடுக்கப் பார்த்தாள். சிட்டு போட்ட அலறலில் கையை விட்டுவிட்டாள். ஷூ வராது; ஷூவுக்குள்ளிருந்து காலைத்தான் எடுக்க வேண்டும். பட்டை மூன்று. ஊசி முனை அளவுக் கருவியைப் பிரித்துத் துடைக்கிற அவள் விரல்கள் குளிரில் கட்டை மாதிரி விறைத்திருந்தன. தண்ணீருக்குள் முகத்தை விட்டு, பட்டையைப் பல்லால் கவ்வி இழுத்தாள். ஒன்று. மூச்சு வாங்கிவிட்டு இன்னொன்று. மூன்றாவது வரவே இல்லை. வாயெல்லாம் மணல். நாலாவது தடவையில் பிய்ந்துகொண்டு வந்தது. இரண்டு கையாலும் குதிகாலைத் தாங்கிக் காலை வெளியே எடுத்தபோது சிட்டு கத்தவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து, தன் குதிகாலைச் சேற்றில் ஊன்றி இழுத்தாள். ஒரு சாண். மறுபடி ஒரு சாண். தண்ணீர் எட்டாத ஒரு பாறைத் திட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருவரும் ஒன்றாகக் கீழே சாய்ந்தார்கள். மழைக்கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினாள், மடியில் கிடத்திக்கொண்டு, தன் உடம்பாலேயே மூடினாள். சிட்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. கண் சொருகியது.

"தூங்காதே. சிட்டு, இங்க பாரு. உன் பஸ் எங்க கிளம்பும்?"

"ம்?"

"உன் பஸ்ஸுடி. முதல் ஸ்டாப் எது?"

"டிப்போ…"

"அப்புறம்?"

"கண் ஆஸ்பத்திரி. பழைய மார்க்கெட். தண்ணி டேங்க்."

"அடுத்த ஸ்டாப்?"

"ரயில்வே கேட்… விடுங்க அண்ணி, தூக்கம் வருது."

"பஸ் ஓட்டிட்டே தூங்குவியா? அறுபது பேர் உக்காந்திருக்காங்க. ரயில்வே கேட் தாண்டியாச்சு. சொல்லு, அடுத்தது?"

அப்படியே கடைசி நிறுத்தம் வரைக்கும் போனார்கள். திரும்பி டிப்போவுக்கு வந்தார்கள். இரண்டாவது நடையில் சிட்டு பழைய மார்க்கெட்டை விட்டுவிட்டாள். மூன்றாவதில் தண்ணி டேங்குக்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை. அந்த நேரத்தில் அணையின் சங்கு ஊதியது. மதகு திறக்கப்போகிறார்கள். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. கீழே போகும், இங்கே வராது என்று நிதானமாக யோசித்தால் புரிந்திருக்கும். யோசிக்க நிதானம் இருந்தால்தானே. சங்கு ஊத ஊத, சிட்டுவின் கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தாள். "சொல்லுடி! அடுத்த ஸ்டாப் எது? சொல்லு!"

"ரயில்வே கேட்" என்றாள் சிட்டு, கண்ணைத் திறக்காமல். "அடிக்காதீங்க. வலிக்குது."

அவள் வாய்விட்டு அழுதாள். வலிக்கிறது என்றது அவ்வளவு நல்ல செய்தியாக இருந்தது.

மேலே குடை ஒன்று தெரிந்தது. ஆபரேட்டர். அவருக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். மரத்தை வெட்டி முடியும்வரை காத்திருக்காமல், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அணை மேலேயே ஓடி வந்தவர்கள். கயிறு கட்டி முதலில் சிட்டுவை ஏற்றினார்கள். அப்புறம் அவளை. சாலைக்கு வந்தவளுக்கு ஆபரேட்டர் தோளைக் கொடுத்தார்.

சிட்டுவுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில், தோள் எலும்பு ஓரிடத்தில் முறிந்திருந்தது. கம்பி வைத்துச் சரி செய்தார்கள். அந்த அறுவை சிகிச்சைக்கு வேண்டிய கருவிகளைக் கட்டுகிற முறை அன்று அவளுடையதுதான். கூட வேலை பார்த்தவளைக் கட்டச் சொல்லிவிட்டு, அவள் ஓரமாக நின்றாள்.

சவாரிக்கு இரண்டு வாரம் இருந்தது. பம்ப் ஹவுஸிலிருந்து ஆபரேட்டர் அனுப்பிவைத்த அவளுடைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதில் அந்தக் குரல். கத்தினேன், நீங்க போய்ட்டீங்க. புருஷன் ஒரே ஒரு தடவை, "பேரை எடுத்துடச் சொல்லிடவா?" என்றான். "எடுத்துடு" என்றாள்.

அதைச் சொல்லத்தான் சிட்டு இருந்த வார்டுக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சிட்டுவே, "அண்ணி, போகாதீங்க" என்றாள். "மழை வரும்னு சொல்றாங்க. நீங்க ரோட்ல இருப்பீங்க, நான் இங்க படுத்துட்டு அதையே நினைச்சுட்டுக் கிடக்கணும். என்னால ஆகாது." படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். எந்த லாரிக்கும் வழி விடாத சிட்டு.

தன் பயத்தை இன்னொருத்தி முகத்தில் அப்படிப் பார்த்தது அவளுக்கு என்னவோ செய்தது. திரும்பும்போது அந்த வராந்தா வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. பதினோரு பேர் படுத்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து காலை மடக்கி அவளுக்கு வழி விட்டாள். அவள் நின்றாள். பிறகு திரும்பவும் வார்டுக்குப் போனாள்.

"நான் போறேன்" என்றாள். "பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்னு உனக்குப் போன் பண்றேன். இறக்கம் வந்தா இறங்கி நடக்கிறேன். பயந்தா பயந்துட்டேன்னு சொல்றேன். நீயும் சொல்லு."

சிட்டு விரிப்பிலிருந்து கையை எடுத்தாள். "சார்ஜரை மறந்துடாதீங்க" என்றாள்.

அந்தச் சவாரியில் சேர்ந்ததை வைத்துத்தான் பிற்பாடு தாய்மார்களுக்குப் பன்னிரண்டு கட்டில் போட்ட அறை கட்டினார்கள். அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் நினைப்பில் இல்லை. முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று இறக்கங்களிலும் இறங்கி நடந்தாள். மற்றவர்கள் கை காட்டிக்கொண்டு கடந்து போனார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. பயத்துக்கே நேரம் சரியாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஓரமாக நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டினாள். ஏன் பார்க்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி ஆளாக அவள் வந்து சேர்ந்தபோது சவாரி முடிகிற துறைமுகத்து வாசலில் பேனரின் ஒரு பக்கத்தை அவிழ்த்திருந்தார்கள். எலும்பு டாக்டர் ஓடி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, இருபத்தி நாலாவது தடவையாக போனை எடுத்தாள்.

"வந்துட்டேன்."

எதிர்முனையில் பெருமூச்சு. "சரி, வைங்க. இங்க பிசியோகாரர் வந்து நிக்கிறார். இன்னிக்கு எழுந்து நிக்கணுமாம். வாக்கரைக் கொண்டுவந்து முன்னால வச்சிருக்கார்."

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"போனை வைக்காதே. கட்டில்ல போட்டுட்டு நில்லு. நான் கேட்டுட்டே இருக்கேன்."

அவள் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். கட்டில் கிறீச்சிட்டது. வாக்கரின் கால் தரையில் உரசியது. "சார், விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று சிட்டு கெஞ்சினாள். பிறகு எதுவுமே கேட்கவில்லை. மழை முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி!" என்று தூரத்திலிருந்து ஒரு கத்தல். "நிக்கிறேன்! கேக்குதா?"

"கேக்குது" என்றாள் அவள். "நல்லாக் கேக்குது."